அரைநிழலில் ரோஜா வைக்க: எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் இடத்தில் நாள் முழுக்க வெயில் விழாது, ஆனாலும் ரோஜா வேண்டும். தேடிப் பார்த்தால் இரண்டு விதமான பதில்தான் கிடைக்கும். "6 மணி நேர வெயில் இல்லையென்றால் ரோஜாவை மறந்துவிடுங்கள்" என்பார் ஒருவர். "நிழலிலும் பூத்துக் குலுங்கும் ரோஜாக்கள்" என்று படம் போட்டுப் பட்டியல் தருவார் இன்னொருவர். முதலாமவர் பேச்சைக் கேட்டால் செடியே வைக்க முடியாது. இரண்டாமவர் பேச்சைக் கேட்டால் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அலைந்து, வைத்துப் பார்த்து, பெயர்த்து வேறிடத்தில் நட்டு, ஒருவழியாகப் பிடிபட்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. நிழலை விரும்பும் ரோஜா என்று எதுவும் கிடையாது. 4 மணி நேர வெயிலை வைத்துக்கொண்டு சமாளித்து, ஓரளவு பூவும் கொடுக்கும் ரோஜாக்கள் இருக்கின்றன. அவற்றில் எது உங்களுக்குச் சரிவரும் என்பதைச் செடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

1. முதலில் வெயிலை அளந்து எழுதுங்கள்

"எங்கள் பக்கம் பாதி நாள் வெயில் வரும்" என்று எல்லாரும் சொல்வோம். அளந்து பார்த்தால் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மேகமில்லாத ஒரு நாளில், விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை மணிக்கு ஒரு தடவை, செடி வைக்கப்போகும் அதே இடத்தைப் போனில் படம் எடுங்கள். சாயங்காலம் உட்கார்ந்து எண்ணுங்கள். ஒவ்வொரு மணிக்கும் மூன்றில் ஒன்றைக் குறித்தால் போதும்: நேர் வெயில், இலைகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாக விழும் வெயில், முழு நிழல். புள்ளி வெயில் 2 மணி நேரம் இருந்தால் நான் அதை 1 மணி நேரமாகத்தான் கணக்கில் எடுப்பேன்.

கூட்டிப் பார்த்தபின்:

- 6 மணி நேரத்துக்கு மேல் வந்தால் உங்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. பிடித்த ரோஜாவை வாங்குங்கள்.
- 4 முதல் 6 வரை என்றால் சரியான வகையைத் தேர்ந்தெடுத்தால் நல்ல பூ உண்டு. கீழே சொல்வதெல்லாம் இவர்களுக்குத்தான்.
- 3 முதல் 4 வரை என்றால் மிகவும் கெட்டியான சில வகைகள் மட்டும் பிழைக்கும். பூ குறைவாகவே இருக்கும்.
- 3 மணி நேரத்துக்கும் குறைவு என்றால் ரோஜா வேண்டாம். யார் என்ன சொன்னாலும் வேண்டாம்.

எத்தனை மணி நேரம் என்பதைப் போலவே எந்த நேரத்து வெயில் என்பதும் முக்கியம். 4 மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் அது காலை வெயிலாக இருப்பது பெரிய வரம். ராத்திரிப் பனியும் மழை ஈரமும் இலையிலிருந்து சீக்கிரம் காய்ந்துவிடும். ரோஜாவைப் பிடிக்கும் கரும்புள்ளி நோயின் வித்துகள் முளைத்து இலைக்குள் நுழைய, இலை தொடர்ந்து ஏறக்குறைய 7 மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். காலை 7 மணிக்கே வெயில் பட்டால் அந்த வாய்ப்பு குறைகிறது. அதே 4 மணி நேரம் மதியத்துக்கு மேல் வந்தால் இலை பாதி நாள் ஈரத்தோடு நிற்கும். போதாததற்கு, வெப்பமான ஊர்களில் பிற்பகல் வெயில் இதழ்களைக் கருக்கியும்விடும். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்குக் காலை வெயிலும் மதிய நிழலும் அமைந்தால் அது குறையே இல்லை, வசதிதான்.

இன்னொரு பொறி: ஒரு பருவத்தில் அளந்ததை ஆண்டு முழுவதற்கும் நம்பக் கூடாது. சூரியன் வானில் போகும் பாதை மாறிக்கொண்டே இருக்கும். இலையுதிர்க்கும் மரமாக இருந்தால் நிழலும் மாறும். செடி முக்கியமாகப் பூக்கும் பருவத்தில் எவ்வளவு வெயில் என்பதுதான் கணக்கு. முடிந்தால் இரண்டு பருவங்களில் அளந்துவிடுங்கள்.

ரோஜா பற்றிய நூல்களில் "வடக்குச் சுவருக்கு ஏற்றது" என்று அடிக்கடி வரும். அது வட அரைக்கோளத்தின் குளிர்நாடுகளுக்கு எழுதியது. அங்கே வடக்குப் பார்த்த சுவரில் நேர் வெயில் ஏறக்குறைய விழவே விழாது. தென் அரைக்கோளத்தில் இது அப்படியே தலைகீழ். அங்கே தெற்குப் பார்த்த சுவர்தான் நிழல் சுவர். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கோ சூரியன் சில மாதம் வடக்கேயும் சில மாதம் தெற்கேயும் போகும். இரண்டு சுவர்களுக்கும் முறை வரும். ஆகவே திசையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

2. நிழல் எங்கிருந்து விழுகிறது?

சுவர் நிழலும் மர நிழலும் ஒன்றல்ல. சுவர் வெயிலை மட்டும்தான் மறைக்கும். மரம் வெயிலையும் மறைத்து, மண்ணிலிருக்கும் தண்ணீரையும் சத்தையும் எடுத்துக்கொள்ளும். மரத்தடியில் ரோஜா நோஞ்சானாக நிற்பதற்கு நிழலைவிட வேர்ப் போட்டிதான் காரணமாக இருப்பதை நிறையப் பார்க்கலாம். ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். நூல் நூலாக மரத்தின் சல்லி வேர்கள் பின்னிக் கிடந்தால் அங்கே நிலத்தில் நடாதீர்கள், பெரிய தொட்டியில் வையுங்கள். நிலத்தில்தான் வேண்டும் என்றால் மரக்கிளைகள் பரவி நிற்கும் எல்லைக்கு வெளியே வாருங்கள்.

சுவரிலும் ஒரு சிக்கல் உண்டு. சுவரை ஒட்டிய மண்ணில் மழை விழுவதே குறைவு. ஊரெல்லாம் நனைந்திருக்கும்போது அந்த அரையடி மட்டும் புழுதியாகக் கிடக்கும். சுவரிலிருந்து 45 சென்டிமீட்டராவது தள்ளி நட்டு, கொடியைச் சுவர்ப்பக்கம் சாய்த்துக் கட்டுங்கள்.

கொஞ்சம் வெயிலைக் கூட்டவும் முடியும். மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்தாலே 1 மணி நேர வெயில் கூடக் கிடைக்கலாம். பின்னால் இருக்கும் சுவருக்கு வெள்ளையடித்தால் வெளிச்சம் திரும்பி வந்து செடி மேல் விழும். நேர் வெயிலுக்கு அது ஈடாகாது, ஆனால் எல்லைக்கோட்டில் இருக்கும் இடத்துக்கு உதவும்.

3. பூவின் அமைப்பைப் பார்த்து வகையைத் தேர்ந்தெடுங்கள்

பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, எந்தப் பூ ஏன் நிழலில் தோற்கிறது என்று புரிந்துகொண்டால் எந்த நர்சரியிலும் நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

நீளமான காம்பின் நுனியில் ஒரே ஒரு பெரிய பூ, அதில் அடுக்கடுக்காக இதழ். இதுதான் பூக்கடையில் பார்க்கும் ஹைப்ரிட் டீ வகை. அப்படி ஒரு பூவைச் செய்யச் செடிக்கு நிறையச் சக்தி வேண்டும், சக்தி வருவது வெயிலிலிருந்து. அரைநிழலில் இந்த வகை நெடுநெடுவென்று வளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்து, எப்போதாவது ஒரு மொட்டு விடும். அந்த மொட்டும் பல நேரம் விரியாது. ஈரத்தில் வெளி இதழ்கள் நனைந்த காகிதம் போல ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்பேறிக் காய்ந்துவிடும். உள்ளே இருக்கும் நல்ல இதழ்கள் அதற்குள்ளேயே அழுகும். விரலால் அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். அரைநிழலுக்கு வாங்கி ஏமாறுவதில் முதலிடம் இந்த வகைக்குத்தான். எவ்வளவு அழகாக இருந்தாலும் தாண்டிப் போய்விடுங்கள்.

நீங்கள் தேட வேண்டியது இதற்கு நேர் எதிர்: சிறிய பூ, குறைந்த இதழ், கொத்துக் கொத்தாகப் பூப்பது. 5 இதழ் ஒற்றையடுக்கு, அல்லது 10, 15 இதழ் உள்ள அரையடுக்கு. இவை மங்கலான வெளிச்சத்திலும் விரிந்துவிடும், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளாது. கொத்தில் பாதி மொட்டு போனாலும் மீதி பூக்கும்.

இந்தக் கணக்கில் தேறும் வகைகளில் நான் முதலில் பார்ப்பது ஹைப்ரிட் மஸ்க். பரந்து வளரும் புதர், கொத்துப் பூ, வாசனை, திரும்பத் திரும்பப் பூக்கும் குணம். பாலெரினா, பெனலோப், கார்னீலியா, ஃபெலிசியா, பஃப் பியூட்டி எல்லாம் இந்தக் குடும்பம். ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் பாலெரினா வாங்குங்கள். 5 இதழ் இளஞ்சிவப்புப் பூ, நடுவில் வெள்ளை, ஒரே கொத்தில் எண்ண முடியாத அளவு பூ. வாசனை பெரிதாகக் கிடையாது, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் சின்னதாக இருந்தால் பாலியாந்தா வகையில் தி ஃபேரி. முழங்கால், தொடை உயரத்துக்குமேல் போகாது. கடும் வெயிலில் இதன் பூ வெளுத்துப்போகும் என்பதால் பிற்பகல் நிழல் இதற்குப் பிடிக்கவே செய்யும். ஃப்ளோரிபண்டாவில் ஐஸ்பெர்க், வெள்ளைப் பூ நிழலில் தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் மழையும் ஈரமும் மிகுந்த ஊரில் கரும்புள்ளி நோய் இதை விடாது. அப்படிப்பட்ட ஊர் என்றால் நாக் அவுட் பக்கம் போங்கள். வாசனையில்லை, ஒயிலும் கொஞ்சம் குறைவுதான், ஆனால் கரும்புள்ளியை நன்றாகத் தாங்கும்.

கொடி ரோஜாக்களுக்கு ஒரு தனி வசதி: காலடியில் நிழலிருந்தாலும் தலை மேலே ஏறி வெயிலைப் பிடித்துக்கொள்ளும். சுவருக்கு அப்பால் வெயில் விழுகிறது என்றால் தயங்காமல் கொடி வையுங்கள். நியூ டான் நிழல் தாங்குவதில் பேர் பெற்றது. முள் அதிகம், பெரிதாகவும் வளரும். மாடம் ஆல்ஃப்ரெட் கரியேர் வெள்ளையில் லேசான ரோஸ் சாயல், முள் குறைவு, நல்ல வாசனை. செஃபிரின் துரூவான் முள்ளே இல்லாதது; குழந்தைகள் நடமாடும் இடத்துக்கு எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். நோயும் அதற்குச் சீக்கிரம் வரும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

நிறம் பற்றியும் ஒரு சொல். வெள்ளை, வெளிர் மஞ்சள், இளஞ்சிவப்பு எல்லாம் நிழலில் பளிச்சென்று தெரியும். அடர் சிவப்பு நிழலில் கரைந்துபோகும், பத்தடி தள்ளி நின்றால் பூ இருப்பதே தெரியாது. விதிவிலக்கு உண்டு: சுவனீர் து டாக்டர் ஷமேன் என்ற பழைய வகையின் கருஞ்சிவப்பு, சுள்ளென்ற வெயிலில் ஓரம் கருகிவிடும், மதிய நிழலில்தான் அதன் நிறமே நிற்கும். பக்கத்தில் போய்ப் பார்க்கிற இடமாக இருந்தால் வைக்கலாம்.

நிழல் ரோஜா என்றால் குளிர்நாட்டு நூல்கள் முதலில் சொல்வது ஆல்பா வகை. சொல்வது சரிதான், கெட்டியான செடி. ஆனால் ஆண்டுக்கு ஒரே தடவைதான் பூக்கும், அதற்கும் நல்ல குளிர்காலம் வேண்டும். குளிர்காலமே இல்லாத ஊரில் வெறும் இலைப்புதராக நிற்கும். வெப்பமான ஊர்க்காரர்கள் ஹைப்ரிட் மஸ்க், பாலியாந்தா, மாடம் ஆல்ஃப்ரெட் கரியேர் சேர்ந்த நாய்செட் வகை ஆகியவற்றோடு நின்றுகொள்வது நல்லது.

4. அட்டை, பெயர், ரசீது

ரோஜா விற்பனையில் பெயர்க் குழப்பம் மிக அதிகம். ஒரே செடி நாட்டுக்கு நாடு வேறு பெயரில் விற்கப்படும். ஐஸ்பெர்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஜெர்மனியில் அது ஷ்னீவிட்ஷென், பிரான்சில் ஃபே தே நேஷ். இதைத் தெளிவுபடுத்தவே வகைக்குறி ஒன்று உண்டு. அட்டையில் ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்து பெரிதாக இருக்கும். பெரும்பாலும் அது உருவாக்கியவரின் அடையாளம். ஐஸ்பெர்க்கின் குறி கோர்பின், அதாவது கோர்டஸ் நிறுவனம். நாக் அவுட்டின் குறி ராட்ராஸ், உருவாக்கியவர் ராட்லர். விற்பனைப் பெயர் மாறலாம், இந்தக் குறி மாறாது. புதிய வகைகளை வாங்கும்போது குறியைப் பாருங்கள். பழைய வகைகளுக்கு இது இருக்காது, அதனால் சந்தேகப்பட வேண்டாம்.

அட்டையில் பார்க்க வேண்டிய மற்றவை:

- ஒரு தடவை பூப்பதா, திரும்பத் திரும்பப் பூப்பதா. எழுதவில்லை என்றால் கேளுங்கள்.
- புதரா, கொடியா. ஐஸ்பெர்க்கில் இரண்டும் உண்டு, பெயரும் ஏறக்குறைய ஒன்றே. கொடியை வாங்கிச் சின்னத் தொட்டியில் வைத்துவிட்டுத் தவிக்க வேண்டியிருக்கும்.
- முழு வளர்ச்சியின் உயரம், அகலம். நிழலில் அகலம் குறைந்து உயரம் கூடும் என்று எதிர்பாருங்கள்.
- ஒட்டுச்செடியா (வேறொரு ரோஜாவின் வேரில் ஒட்டுப்போட்டு வளர்த்தது), சொந்த வேரில் வளர்ந்த செடியா.

"சிவப்பு ரோஜா", "கொடி ரோஜா" என்று மட்டும் எழுதிய செடியை அரைநிழலுக்கு வாங்காதீர்கள். முழு வெயில் இடமென்றால் அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்க்கலாம், இங்கே முடியாது. ரசீதில் வகையின் பெயரை எழுதி வாங்குங்கள். பூத்தபின் வேறு ஏதோ என்று தெரிந்தால் மாற்றித் தரச் சொல்ல அது ஒன்றுதான் ஆதாரம். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால் செடிநலச் சான்றிதழ் கூடவே வர வேண்டும், பல நாடுகளில் இறக்குமதி அனுமதியும் முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் வந்த பொட்டலத்தைத் துறைமுகத்திலேயே நிறுத்தி அழித்துவிடுவார்கள். காசு திரும்பி வராது.

5. செலவில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

செடி விலை மட்டும் செலவல்ல. தொட்டி, மண், உரம், கொடி என்றால் கம்பியோ பந்தலோ, எல்லாம் சேர்ந்து செடி விலையைத் தாண்டிவிடும்.

குளிர்காலம் உள்ள நாடுகளில், மண் இல்லாமல் வேரோடு மட்டும் விற்கும் செடி தொட்டிச் செடியைவிட மலிவு. ஆனால் செடி உறங்கும் பருவத்தில் மட்டுமே கிடைக்கும், நல்ல வகைகள் முன்பதிவிலேயே முடிந்துவிடும். இங்கே மிச்சம் பிடிக்கலாம். செடியின் தரத்தில் பிடிக்காதீர்கள். வெயில் ஊரில் மெலிந்த செடி தேறிக்கொள்ளும், நிழலில் தேறாது. அடியிலிருந்து பென்சில் தடிமனில் 3 கிளையாவது கிளம்பியிருக்க வேண்டும். பூத்து நிற்கும் செடியைப் பார்த்து மயங்க வேண்டாம், அடிக்கிளையைப் பாருங்கள்.

தொட்டி என்றால் அகலமும் ஆழமும் 40 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். கீழே சக்கரம் வைத்த தட்டு இருந்தால் பருவத்துக்கேற்ப வெயில் பக்கம் நகர்த்தலாம். அரைநிழல்காரர்களுக்கு அந்தத் தட்டு வீண் செலவே அல்ல.

6. நடுவது எப்போது, எப்படி

மண்ணில்லாமல் வேரோடு வாங்கிய செடியை உறக்கப் பருவத்தில் நட வேண்டும். நடும் முன் சில மணி நேரம் வேரைத் தண்ணீரில் ஊறவிடுங்கள். தொட்டிச் செடியைக் கடும் கோடையும் உறைபனியும் தவிர எப்போதும் நடலாம்.

குழி 45 சென்டிமீட்டர் அகலம், ஆழம். தண்ணீர் தேங்காத மண், கூடவே மக்கிய தொழு உரம். ஒட்டுச்செடியில் ஒட்டுப்போட்ட முடிச்சு வெப்பமான ஊரில் மண்ணுக்கு மேலேயும், உறைபனி விழும் ஊரில் மண்ணுக்குச் சற்றுக் கீழேயும் இருக்க வேண்டும். முடிச்சுக்குக் கீழிருந்து கிளம்பும் துளிர் வேர்க்கட்டையின், அதாவது அடியில் வேர் கொடுக்கும் வேறு ரோஜாவின் துளிர். அதை வெட்டாமல் அடியோடு பிய்த்துவிடுங்கள். விட்டால் அதுதான் செடியையே பிடித்துக்கொள்ளும்.

இடைவெளியில் தாராளமாக இருங்கள். வெயிலில் 60 சென்டிமீட்டர் விட்டு நடும் செடிக்கு இங்கே 1 மீட்டராவது விடுங்கள். காற்று உள்ளே புகுந்து வெளியே போனால்தான் இலை காயும்.

7. முதல் ஆண்டில் என்ன செய்வது

தண்ணீர் காலையில், வேர்ப்பக்கம் மட்டும். இலையை நனைக்காதீர்கள். நிழல் மண் மெதுவாகத்தான் காயும் என்பதால் விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சுவர் ஓரம் மட்டும் இதற்கு விலக்கு.

பூக்கவில்லை என்றதும் உரத்தை அள்ளிப் போடத் தோன்றும். குறிப்பாகத் தழைச்சத்து உரம். அது இன்னும் நீளமான, சதைப்பற்றான துளிரைத்தான் கொண்டுவரும், அசுவினிக்கு விருந்து. வெயிலில் வைத்த செடிக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகக் கொடுங்கள்.

துளிர் நீண்டு, நுனியில் மொட்டே இல்லாமல் இலையோடு முடிந்துவிடுவதை அரைநிழலில் அடிக்கடி பார்ப்பீர்கள். வெளிச்சக் குறைவு அதற்கு முக்கியமான ஒரு காரணம். காத்திருந்து பயனில்லை. நன்கு விரிந்த ஒரு முழு இலைக்கு மேலே கத்தரித்துவிட்டால் அந்தக் கணுவிலிருந்து புதுத் துளிர் வந்து மொட்டு பிடிக்க வாய்ப்பு உண்டு.

கவாத்து லேசாகத்தான். செடிக்கு இருக்கிற இலை எல்லாம் வேண்டும். காய்ந்தது, நோய் கண்டது, நடுவில் குறுக்கே ஓடுவது, இவற்றை மட்டும் எடுங்கள். கரும்புள்ளி விழுந்து மஞ்சளாகி உதிர்ந்த இலைகளை மண்ணில் கிடக்க விடாமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். அடுத்த தொற்று அங்கிருந்துதான் தெறிக்கும். கொடியாக இருந்தால் கிளைகளை நேரே மேலே விடாமல் பக்கவாட்டில் வளைத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு கணுவிலும் பூந்துளிர் வரும். நிழல் சுவரில் பூவைக் கூட்ட இதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை.

8. எவ்வளவு நாள் பொறுப்பது, எப்போது இடம் மாற்றுவது

திரும்பப் பூக்கும் ரோஜா, முழு வெயிலில் ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் 6 முதல் 8 வாரம் எடுக்கும். அரைநிழலில் அதைவிடத் தாமதமாகும், பூ எண்ணிக்கையும் குறையும். அது நோயல்ல. முதல் ஆண்டுப் பூவை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், செடி அப்போது வேர்தான் விட்டுக்கொண்டிருக்கும். கொடி என்றால் மூன்றாம் ஆண்டு வரை பொறுங்கள்.

இரண்டாம் ஆண்டு முடிவில் இதையெல்லாம் பாருங்கள்: புதுத் துளிர்கள் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு வெளிச்சத்தின் பக்கமே சாய்கின்றனவா? அடியிலிருந்து புதுக்கிளை ஒன்றுகூட வரவில்லையா? மொட்டில்லாத துளிர்தான் அதிகமா? மூன்றும் ஆம் என்றால் அந்த இடத்தில் வெயில் போதவில்லை, உரமோ மருந்தோ அதைச் சரிசெய்யாது.

மாற்றுவதாக இருந்தால் உறக்கப் பருவத்தில், அது இல்லாத ஊரில் ஆண்டின் குளிர்ந்த வாரங்களில் செய்யுங்கள். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, முடிந்தவரை அகலமாக மண்ணோடு பெயர்த்து, அதே நாளில் புது இடத்தில் நட்டுவிடுங்கள். காலியான இடத்தில் உடனே இன்னொரு ரோஜாவை வைக்காதீர்கள். ஏற்கெனவே ரோஜா இருந்த மண்ணில் புது ரோஜா சரியாக வளராமல் போவது உண்டு. மண்ணை மாற்றவும் வேண்டும், வெயிலும் அதே குறைச்சல்தான். பெரணியோ வேறு நிழல் செடியோ வைத்துக்கொள்ளுங்கள்.